மதம் மாறிய தலைவரும் மனம் மாறிய சக்கேயுவும்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை. பொதுக்காலம் 31ஆம் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 19:1-10)



இன்றைய நற்செய்தியில் வரும் சக்கேயுவை, குள்ளமானவர், காட்டு அத்தி மரத்தில் ஏறியவர் என்று மறைக்கல்வி வகுப்பு நாள்களிலிருந்தே நமக்குத் தெரியும். அவர் வகித்த பதவியைத்தான் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவர் எரிகோ நகரில் வரிதண்டுவோருக்குத் தலைவர். உரோமை அரசுக்காக வரி வசூலித்தவர். எவ்வளவு வாங்குவது, யாரை விடுவது, யாரைப் பிழிவது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. ஆகவே அவருடைய மனமாற்றம் அவர் வீட்டுக்குள் நடந்த சொந்தக் காரியமாக முடிந்துவிடவில்லை. ஓர் ஊரின் பிழைப்பே அதில் அடங்கியிருந்தது.

இயேசு தம் வீட்டுக்கு வந்ததும் சக்கேயு என்ன செய்தார்? நீண்ட செபம் எதுவும் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரையாவது ஏமாற்றி எதையாவது பறித்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் எல்லார் முன்பும் சொன்னார். இன்னொன்றையும் கவனியுங்கள். சக்கேயு மதம் மாறவில்லை. யூதராக மரத்தில் ஏறினார், யூதராகவே இறங்கினார். அவரும் ஆபிரகாமின் மகனே என்றுதான் ஆண்டவரும் சொல்கிறார்.

அப்படியானால் சக்கேயு உண்மையாகவே மனம் மாறினாரா என்பதற்கு யார் சாட்சி? அவருடைய விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களா? இல்லை. பாவியின் வீட்டில் தங்கப் போயிருக்கிறாரே என்று தெருவில் நின்று முணுமுணுத்தார்களே, அவர்கள்தான் சாட்சி. பறிகொடுத்த பணம் நான்கு மடங்காகத் தங்கள் வாசலுக்கு வந்தால் அவர்கள் நம்புவார்கள். வராவிட்டால் நம்ப மாட்டார்கள். அதிகாரத்தில் இருப்பவர் ஒருவர் மனம் மாறினார் என்பதற்கு, அவருடைய கூட்டத்தைச் சேராதவர்களே சாட்சி. இன்று நாம் தியானிக்க விரும்புவது இதைத்தான்.

அரசியல் தலைவர் ஒருவர் மதம் மாறினார் என்று செய்தி வந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அவர் போய்ச் சேர்ந்த பக்கம், 'நம்ம ஆளாயிட்டார்' என்று மாலை போடும். அவர் விட்டு வந்த பக்கம், 'விலை போயிட்டார்' என்று ஏசும். டீக்கடையில் நாலு நாளைக்கு இதே பேச்சாக இருக்கும். இரண்டு பக்கமும் அந்த ஒரு மனிதரையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் மாறியதால் மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்பார் குறைவு.

திருப்பூர்க்காரர்களான நமக்கு இதைப் புரியவைக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணிக்குச் சாயம் போடுகிறோம். துணி பளிச்சென்று ஆகிறது, கப்பல் ஏறி வெளிநாட்டுக்குப் போகிறது. பட்டறையில் மிஞ்சிய தண்ணீர் எங்கே போனது? நொய்யலில் போனது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கீழ்ப்பகுதியில் கிணறு வைத்திருந்த விவசாயி அந்தத் துணியைக் கண்ணாலும் பார்த்ததில்லை, ஆனால் அவர் தென்னை கருகியது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்பதைத் துணியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பட்டறை நல்ல பட்டறையா என்பதை ஆற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தலைவர்களின் சமயமும் அப்படித்தான். அதற்கு நம் பக்கத்துத் தீவில் நடந்த ஒரு வரலாற்றை இன்று எண்ணிப் பார்ப்போம்.

1899 ஜனவரி 8ஆம் நாள் கொழும்பில் ஒரு பெரிய ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆங்கிலேய ஆளுநரின் பெயரையே இடைப்பெயராகச் சேர்த்து, சாலமன் வெஸ்ட் ரிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயகா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளை கொழும்பு புனித தோமையார் கல்லூரியில் படித்தது. பிறகு ஆக்ஸ்போர்டு போனது. 1925இல் நாடு திரும்பிய இளைஞர் பண்டாரநாயகா, அடுத்து வந்த சில ஆண்டுகளில் கிறிஸ்தவத்தை விட்டுப் பௌத்தரானார். மேல்நாட்டு உடையை விட்டுத் தேசிய உடை அணிந்தார். ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர் சிங்களத்தில் மேடையேறப் பழகிக்கொண்டார்.

அவர் மட்டும் மாறவில்லை. 1931இல் டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இலங்கையில் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. பெரும்பான்மை வாக்காளர்கள் பௌத்தர்கள். அந்தக் காலத்தில் கிறிஸ்தவப் பெரிய குடும்பங்களைச் சேர்ந்த அரசியல்வாதிகள் பலர் பௌத்தர்களானார்கள். 'டொனமூர் பௌத்தர்கள்' என்று மக்கள் அவர்களைக் கேலி செய்தார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவராக இருந்து பௌத்தரானவர்தான்.

இவர்கள் வாக்குக்காக மாறினார்களா, உள்ளம் தெளிந்து மாறினார்களா? அதைச் சொல்ல நம்மால் ஆகாது. மனிதரின் உள்ளத்தை அறிபவர் கடவுள் ஒருவரே. பௌத்தம் கருணையின் நெறி. அதைத் தேடி ஒருவர் போனால் அவரைக் குற்றம் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. தம் மனச்சான்றின்படி சமயத்தைத் தேடவும் பின்பற்றவும் ஒவ்வொரு மனிதருக்கும் உரிமை உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. நம் நாட்டு அரசியலமைப்பின் 25ஆம் பிரிவும் அந்தச் சுதந்திரத்தைத் தருகிறது. நம்மிடம் வருகிறவருக்கு மட்டும் உரிமை உண்டு, நம்மை விட்டுப் போகிறவருக்கு இல்லை என்று சொன்னால் அது உரிமை ஆகாது. எனவே அவர் உள்ளத்தை விட்டுவிட்டு, ஆற்றில் என்ன ஓடியது என்று பார்ப்போம்.

இளைஞராக இருந்தபோது பண்டாரநாயகா இலங்கைக்குக் கூட்டாட்சியே ஏற்றது என்று 1926இல் எழுதினார், யாழ்ப்பாணத்துக்கே போய்ப் பேசினார். 1944இல் அரசுப் பேரவையில் மொழி பற்றிய விவாதம் வந்தபோது, சிங்களத்தோடு தமிழும் ஆட்சிமொழியாக வேண்டும் என்ற பக்கம் நின்றார். 1951இல் அவர் தொடங்கிய இலங்கை சுதந்திரக் கட்சியின் தொடக்கக் கொள்கையும் இரண்டு மொழிகளும் என்பதுதான். நியாயம் தெரியாத மனிதர் அல்லர் அவர்.

ஆனால் 1956 தேர்தல் வந்தது. புத்தர் மறைந்த 2500ஆம் ஆண்டை நாடே கொண்டாடத் தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. பிக்குகள் அணி திரண்டு வீடு வீடாகப் போய் அவருக்காக வாக்குக் கேட்டார்கள். சிங்களம் மட்டுமே என்ற முழக்கம் எழுந்தது. தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு அவருடைய கட்சியும் அந்த முழக்கத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. ஏப்ரலில் அவர் பெருவெற்றி பெற்றார். ஜூன் மாதம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஜூன் 5 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்திருந்த தமிழ்த் தலைவர்களைக் குண்டர்கள் அடித்தார்கள். தபால் நிலையத்தில், ரயில் நிலையத்தில், அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த தமிழர்கள், வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சிங்களத் தேர்வு எழுத வேண்டிய நிலை வந்தது.

நாம் நியாயமாகப் பேச வேண்டும். அதே பண்டாரநாயகாவின் ஆட்சியில்தான் மே தினம் விடுமுறையானது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1958இல் வந்தது. பி.எஃப். என்றால் என்ன என்று தெரிந்த நம் தொழிலாளர்களுக்கு அதன் அருமை புரியும். ஏழைச் சிங்களத் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் அவர் காலத்தில் குரல் கிடைத்தது. அவருடைய கூட்டத்தைக் கேட்டால் நல்ல சாட்சிதான் சொல்வார்கள். கூட்டத்துக்கு வெளியே இருந்தவர்களைக் கேட்டால்தான் மறுபக்கம் தெரியும்.

அவருக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். 1957 ஜூலை 26 அன்று தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். தமிழைத் தேசியச் சிறுபான்மையினரின் மொழியாக ஏற்பது, வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகத்தைத் தமிழில் நடத்துவது, வட்டாரச் சபைகள் அமைப்பது என்று அது சொன்னது. அதை நம்பித் தமிழர்கள் தாங்கள் அறிவித்திருந்த சத்தியாகிரகத்தைக் கைவிட்டார்கள். உடனே எதிர்ப்பு கிளம்பியது. ஜெயவர்த்தனா கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் திரண்டு வந்து பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் செல்லாது என்று எழுத்தில் தரும்படி கேட்டார்கள். பிரதமர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வாசலில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள்தானே உன்னை ஏற்றிவிட்டோம் என்ற உரிமையிலிருந்து வந்தது. நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்தவர் என்றைக்காவது வாசலில் வந்து நிற்பார். மதத்தின் பெயரால் வாங்கிய வாக்கும் அட்வான்ஸ்தான். அதைக் கொடுத்தவர்கள் கேட்கும்போது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்கை உடைத்துத்தான் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதமே கலவரம் வெடித்தது. 1958 மே மாதக் கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து கப்பலில் யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஆண்டே தமிழுக்கு ஓரளவு இடம் தரும் சட்டம் ஒன்றை அவர் கொண்டுவந்தார். ஆனால் உடைந்த நம்பிக்கை ஒட்டவில்லை.

1959 செப்டம்பர் 25 காலையில், தம் வீட்டுத் தாழ்வாரத்தில் காத்திருந்த ஒரு பிக்குவைப் பிரதமர் வணங்கி வரவேற்றார். தால்துவே சோமாராமா என்ற அந்தப் பிக்கு அங்கியிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மறுநாள் பண்டாரநாயகா இறந்தார். சதியின் பின்னால் இருந்தவர் களனி விகாரையின் தலைமைப் பிக்குவான புத்தரக்கித்த தேரர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956இல் பண்டாரநாயகாவின் வெற்றிக்கு முன்னின்று உழைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அன்புக்குரியவர்களே, குண்டடிபட்டு மருத்துவமனையில் கிடந்த பண்டாரநாயகா நாட்டு மக்களுக்கு ஒரு செய்தி சொன்னார். தம்மைச் சுட்டவர்மீது இரக்கம் காட்டுங்கள், பழிவாங்காதீர்கள் என்பது அதன் சாரம். இந்தச் செய்தியை நாம் தலைவணங்கிக் கேட்க வேண்டும். அவர் ஏற்ற பௌத்தம் அவருடைய உள்ளத்தில் வெறும் லேபிளாக மட்டும் இருக்கவில்லை என்று இந்த ஒரு செய்தி நமக்குச் சொல்கிறது. சாகும் நேரத்தில் தம் பகைவருக்குக் கொடுத்த அந்தக் கருணையில் கொஞ்சம், அதிகாரத்தில் இருந்தபோது தம் நாட்டுச் சிறுபான்மையினருக்கும் கிடைத்திருந்தால் அந்தத் தீவின் கதை வேறாக இருந்திருக்குமே என்று நம் மனம் ஏங்குகிறது. கொலை செய்த சோமாராமா 1962இல் தூக்கிலிடப்படுவதற்குமுன் கிறிஸ்தவராகத் திருமுழுக்குப் பெற்றார். அதைச் சொல்லி மார்தட்ட நமக்கு ஒன்றுமில்லை. அவரையும் இறைவனின் இரக்கத்தில் ஒப்படைப்போம்.

இப்போது மற்றவரைப் பார்ப்போம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சா.ஜே.வே. செல்வநாயகம், தமிழர்கள் தந்தை செல்வா என்று அழைத்தவர். பண்டாரநாயகாவைவிடச் சில மாதங்களே மூத்தவர். அவரும் புனித தோமையார் கல்லூரியில் படித்தவர். அவரும் புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். ஆனால் அவர் நின்ற காங்கேசன்துறைத் தொகுதியில் வாக்காளர்களில் மிகப் பெரும்பாலானோர் சைவர்கள். கிறிஸ்தவருக்கு ஏன் வாக்கு என்று கேட்டவர்களும் உண்டு. 1952 தேர்தலில் அவர் தோற்றார். மதம் மாறியிருந்தால் அரசியல் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். மாறவில்லை. தம் மதத்தை வாக்காளர்கள்மேல் திணிக்கவும் இல்லை. 1956இல் அதே சைவ மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1977இல் இறக்கும்வரை அவரைத் தங்கள் தலைவராக வைத்திருந்தார்கள்.

சைவ மக்கள் ஏன் அவரை நம்பினார்கள்? 1948இல் இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த பல லட்சம் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. நம் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போன கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் அவர்கள். பெரும்பாலும் இந்துக்கள். அவர்களில் ஒருவர்கூடக் காங்கேசன்துறையில் வாக்காளர் இல்லை. அவர்களுக்காகப் பேசியதால் செல்வநாயகத்துக்கு ஒரு வாக்கும் கூடப்போவதில்லை. ஆனாலும் அந்த அநீதியைப் பொறுக்க முடியாமல்தான் அவர் தம் கட்சித் தலைமையோடு முரண்பட்டுப் பிரிந்தார். 1949 டிசம்பரில் புதுக் கட்சி தொடங்கினார். அவருடைய அரசியல் முடிவுகளைப் பற்றி வரலாற்று ஆசிரியர்கள் விவாதிக்கட்டும். தம் மதத்தையும் தம் தொகுதியையும் சேராதவர்களுக்காக ஒருவர் தம் நிலையை இழக்கத் துணிந்தார் என்பதே நமக்குப் பாடம்.

ஒருவர் மதம் மாறினார், மற்றவர் மாறவில்லை. அதனால் மாறியது தவறு, மாறாதது சரி என்று நாம் முடிவுகட்டிவிடக் கூடாது. பிரான்ஸ் நாட்டு வரலாறு அதற்கு மறுபக்கம் காட்டுகிறது. நான்காம் ஹென்றி புரொட்டஸ்டண்ட் தலைவர். கத்தோலிக்கர் நிறைந்த நாட்டில் அரியணை நிலைக்க வேண்டும் என்று 1593இல் கத்தோலிக்கரானார். பதவிக்காக மாறினார் என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். ஆனால் 1598இல் நான்த் நகரில் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். தாம் விட்டு வந்த புரொட்டஸ்டண்ட் மக்களுக்கு வழிபாட்டு உரிமையும் பாதுகாப்பும் அந்த ஆணை தந்தது. பல பத்தாண்டுகளாக மதத்தின் பெயரால் வெட்டிக்கொண்டிருந்த நாடு மூச்சு விட்டது. 1610இல் ரவையாக் என்ற கத்தோலிக்க வெறியன் அவரைக் குத்திக் கொன்றான். வெறிக்கு மத வேறுபாடு கிடையாது. நம் திருச்சபையிலும் அது இருந்திருக்கிறது. 1685இல் அந்த ஆணையை ரத்து செய்தவரும் ஒரு கத்தோலிக்க அரசர்தான்.

ஹென்றி எதற்காக மாறினார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் அவர் மதத்தைச் சேராதவர்களின் வாசலுக்கு நிம்மதி வந்தது. எரிகோவில் நான்கு மடங்கு வந்த வாசலைப் போல.

அன்புக்குரியவர்களே, இது அரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் மட்டும் சொல்லும் செய்தியாக இருந்தால் இந்த நேரத்தில் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டோம். இலங்கைக் கதையைக் கேட்கும்போது நம் நெஞ்சு கொதிக்கிறது. கொதிக்கத்தான் வேண்டும். 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்த குடும்பங்கள் பவானிசாகரிலும் பூலுவப்பட்டியிலும் முகாம்களில் இருக்கின்றன. அவர்களின் கண்ணீர் நமக்குப் புதிதல்ல. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். அங்கே நம் இனம் சிறுபான்மை. இங்கே திருப்பூரில் நாம் பெரும்பான்மை.

இந்த ஊரின் கட்டிங் டேபிளிலும் ஓவர்லாக் மெஷினிலும் இன்று யார் இருக்கிறார்கள்? பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்துப் பேர் ஒரே அறையில் தங்கி, ஷிஃப்ட் மாற்றி ஒரே பாயில் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. ரேஷன் கடையில், மருத்துவமனையில், காவல் நிலையத்தில் எந்தப் பலகையையும் படிக்க முடியாது. நம் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு கூட்டம் கூடியதே, நினைவிருக்கிறதா? அந்த வீடியோக்கள் பொய்தான். ஆனால் நம்மைப் பற்றிய ஒரு பொய்யை அவர்கள் அவ்வளவு சீக்கிரம் நம்பினார்கள் என்றால், நம்மை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார்கள், நாம் எந்த அளவுக்கு நெருங்கிப் பழகியிருக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

நமக்கு வாக்கும் மொழியும் சொந்தம். அவர்களுக்கு இங்கே இரண்டும் இல்லை. நாம் எப்படிப்பட்ட கிறிஸ்தவர்கள் என்பதற்கு அவர்களே சாட்சி.

கம்பெனி வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்குச் சொல்கிறோம். அலுவலகச் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம் இருக்கிறது, விளக்கு எரிகிறது, நல்லது. செக்கிங் மேசையில் பனியனை உள்பக்கம் வெளியே திருப்பித்தானே பார்க்கிறீர்கள்? அதேபோல் ஒரு நாள் சம்பளப் பதிவேட்டைத் திருப்பிப் பாருங்கள். பிடித்த பி.எஃப். பணம் கட்டப்பட்டதா? ஈ.எஸ்.ஐ. அட்டை அந்த ஜார்க்கண்ட் பிள்ளைக்கும் கிடைத்ததா? ஓவர்டைம் கணக்கு தமிழ் தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு ஒன்றாக இருக்கிறதா? சக்கேயு திருப்பிக் கொடுத்தது இந்த மாதிரிக் கணக்கைத்தான்.

வாக்காளர்களான நம் எல்லாருக்கும் ஒன்று. தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் காலையில் கோயிலுக்கும் மதியம் பள்ளிவாசலுக்கும் மாலையில் ஆலயத்துக்கும் வருவார்கள். வரட்டும், வருகிறவரை வரவேற்பது தமிழர் பண்பு. ஆனால் அவர் நம் பீடத்தின் முன் முழந்தாளிட்டார் என்பதற்காக வாக்களிக்க வேண்டாம். அவர் நம் மதத்தை விட்டுப் போனார் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். எங்கள் கல்லறைக்கு என்ன செய்வீர்கள், எங்கள் பள்ளிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கிறோம். கேட்பது நம் உரிமைதான். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்ப்போம்: 'உங்களுக்கு வாக்களிக்க முடியாதவர்களுக்கு என்ன செய்வீர்கள்?' இந்தக் கேள்வியை ஒரு கத்தோலிக்கப் பங்கு கேட்டது என்று ஊரில் பேசினால், அதுவே நல்ல நற்செய்தி அறிவிப்பு.

ஞாயிறு திருப்பலியில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் கடைசி வரிசையில் நிற்பதைப் பார்க்கிறோம். பாடல் புரியாமல் நிற்கிறார்கள். அமைதி பகிரும்போது யாரும் திரும்பாவிட்டால் தங்களுக்குள்ளேயே கைகூப்பிக்கொள்கிறார்கள். இந்த ஞாயிறு அவர்கள் பக்கம் திரும்புங்கள். பேர் என்ன தம்பி, எந்த ஊர், சாப்பிட்டியா என்று கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் இந்த மூன்று கேள்விகளும் முகத்திலேயே புரிந்துவிடும்.

இன்றைய முதல் வாசகத்தில் சாலமோனின் ஞானம் சொல்வது போல, இறைவன் தாம் படைத்த எதையும் வெறுப்பதில்லை. அவருடைய பார்வையில் யாரும் வெளியாள் இல்லை. சக்கேயுவைப் பெயர் சொல்லி அழைத்த ஆண்டவர் நம்மையும் இன்று கீழே இறங்கி வரச் சொல்கிறார். நம் மதம் பெரியது, நம் மொழி பெரியது, நம் சாதி பெரியது என்று ஏறி நிற்கும் எந்த மரத்திலிருந்தும் இறங்குவோம். இன்று நம் வீட்டில் தங்க விரும்பும் அவரோடு, நாம் வெளியே நிறுத்திய எல்லாரும் உள்ளே வரட்டும்.

செபிப்போம். இரக்கமுள்ள தந்தையே, எங்களை ஆளுவோருக்கு நேர்மையான மனத்தைத் தாரும். எந்த மதத்தைத் தழுவினாலும், தங்களுக்கு வேண்டாதவரின் உரிமையைக் காக்கும் துணிவைத் தாரும். மதத்தின் பெயராலும் மொழியின் பெயராலும் உயிரிழந்த அனைவருக்கும் நிலையான இளைப்பாற்றி அளித்தருளும். வேலை தேடி எங்கள் ஊருக்கு வந்த பிள்ளைகளைக் காத்து, அவர்களைப் பார்த்துக் காத்திருக்கும் தாய்மார்களுக்கு ஆறுதல் தாரும். எங்கள் மனமாற்றத்தை எங்கள் அயலார் கண்டு உம்மைப் புகழச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.